லட்சுமி படம் தொங்கிய சுவர்

பொங்கலுக்கு முன்பு வீட்டை ஒதுக்கும்போது மேற்கு அறையில் தொங்கிய லட்சுமி படத்தைக் கழற்றினேன். சட்டத்தின் பின்பலகை ஈரத்தில் ஊறி, அழுத்தினால் உள்ளே போனது. படம் இருந்த இடத்தில் சுவர் கறுத்து, ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. விரல் பட்டதும் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. படத்தின் காகிதத்தில் கீழ் மூலையில் ஒரு பழுப்புக் கறை. தேவியின் முகத்துக்கும் யானைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இது குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் இருக்கிற என் அம்மா பிறந்த வீடு. வெட்டுக்கல் சுவர், ஓட்டுக் கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம். நாலுகெட்டு என்று எங்கள் பக்கம் சொல்லும் அமைப்பின் சிறிய வடிவம். 84 வயதில் ஆச்சி இன்னும் அந்த முற்றத்துத் திண்ணையில்தான் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறார். லட்சுமி படம் அவருடைய மாமியார் காலத்திலிருந்து அந்தச் சுவரில் இருக்கிறது. அடியில் சின்ன ஆங்கில எழுத்தில் ரவி வர்மா அச்சகத்தின் பெயர். கல்லச்சு முறையில், நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களில் மாற்றி மாற்றி அடித்து, மேலே வார்னிஷ் பூசி எண்ணெய் ஓவியம் போலவே தோன்றச் செய்த படம். அந்த அச்சகம் 1894-இல் மும்பை காட்கோபரில் தொடங்கி, 1899-இல் லோனாவ்லா அருகே மளவ்லிக்கு இடம் மாறியது. பிறகு ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் அதை வாங்கி, அதே பெயரில் தொடர்ந்து நடத்தினார். அரண்மனைச் சுவர்களில் மட்டும் இருந்த ஓவியம் எங்களைப் போன்ற வீடுகளின் சுவருக்கு வந்தது அந்தக் கற்களால்தான்.

சுவர் ஏன் இப்படி ஆனது என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. சுமார் 18 வருடங்களுக்கு முன்பு ஒரு ஒப்பந்தக்காரர் பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே சிமென்ட் பூசி, அதன் மேல் பளபளப்பான பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார். அப்போது எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் அண்ணாச்சி ஒருவரை அருமனைப் பக்கமிருந்து கூட்டி வந்தேன். அவர் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நின்றார்.

“மக்கா, வெட்டுக்கல்லு மழையில தண்ணி குடிக்கும், வெயில்ல வெளிய விடும். நீங்க அது விடுற வழிய அடைச்சுப் போட்டிய.”

“அப்ப எவ்வளவு உரிக்கணும் அண்ணாச்சி?”

“முழுச் சுவரும்தான். பாதி உரிச்சா மிச்சப் பாதி வழியா அழும்.”

அன்றைக்கு ஆச்சி சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை ஓவியர் ரவி வர்மா பிறந்த கிளிமானூர் அரண்மனைக்கு அனுப்பியது. “இந்தப் படத்தை எழுதினவரு வீடும் முற்றம் வெச்ச வீடுதான். அங்க சுவர் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வா.” மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி, தம்பானூரில் இறங்கி, வெஞ்ஞாறமூடு வழியாக எம்.சி. ரோட்டில் போகும் வண்டியைப் பிடித்தேன். திருவனந்தபுரத்திலிருந்து கிளிமானூர் 40 கிலோமீட்டருக்குள்தான். ஒரே நாளில் போய் வந்துவிடலாம். அரண்மனைக் குடும்பத்தின் சொந்த இடம் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவதுதான் மரியாதை.

அரண்மனை என்றதும் பத்மநாபபுரத்தைப் போல ஒன்றோடொன்று ஒட்டிய நீண்ட மாளிகைகளை எதிர்பார்த்துப் போனேன். தக்கலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அரண்மனை என்றால் அதுதான். கிளிமானூர் வேறு மாதிரி. சுமார் 15 ஏக்கர் நிலத்தில் நாலுகெட்டு, சின்னதும் நடுத்தரமுமான கட்டடங்கள், இரண்டு குளம், கிணறுகள், மரம் அடர்ந்த காவு, குலதெய்வமான ஐயப்பனுக்குக் கோவில் என்று ஒரு சின்ன ஊரே இருக்கிறது. பெரிய குடும்பம் வளர வளர வீடும் கூடவே வளர்ந்த தோற்றம். மிரட்டுகிற எடுப்பு எதுவும் இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அந்த இடத்தின் வரலாறு எங்கள் மாவட்ட வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. இங்கே குடியேறிய கோயில் தம்புரான்கள், அதாவது இந்த அரண்மனைக் குடும்பத்தார், மலபாரில் பேப்பூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள். திருவிதாங்கூரைக் கட்டியெழுப்பிய மார்த்தாண்ட வர்மாவின் தந்தை இந்தக் குடும்பத்தவர். அரச குடும்பத்துக்காகக் கிளிமானூர்க்காரர்கள் உயிரைக் கொடுத்த நிகழ்ச்சிகள் உண்டு. அதற்கு நன்றியாக 1753-இல் மார்த்தாண்ட வர்மா இந்தப் பகுதிக்கு வரியை நீக்கி, தன்னாட்சியும் கொடுத்தார். இன்றைய அரண்மனைத் தொகுதி எழுந்தது அந்தக் காலத்தில்தான். அப்புறம் எங்கள் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய், 1809-இல் ஆங்கிலேயருக்கு எதிரான கடைசிப் போருக்குப் போகும் முன் தன் வாளை இந்த வீட்டில்தான் ஒப்படைத்தார். குடும்பம் அதைப் பாதுகாத்து வைத்திருந்து, பிற்காலத்தில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் கொடுத்தது.

ரவி வர்மா 1848 ஏப்ரல் 29-இல் இங்கே பிறந்தார். அம்மா உமயாம்பா தம்புராட்டி கவிதை எழுதுபவர். தங்கை மங்களா பாயும் தம்பி ராஜ ராஜ வர்மாவும் ஓவியர்கள். சிறுவன் ரவி வர்மா கரித்துண்டால் வீட்டுச் சுவரெல்லாம் படம் போட்டதையும், தம்பியின் பெயரையே கொண்ட தாய்மாமா ராஜ ராஜ வர்மா அதைப் பார்த்துத் திட்டாமல் தன்னிடம் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுத்ததையும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இந்தக் கதையை நான் பள்ளியிலேயே கேட்டதுண்டு. ஆனால் அந்த வளாகத்தில் நின்றபோதுதான் அதில் சுவரும் ஒரு ஆள் என்று தோன்றியது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில் கரி நன்றாகப் பிடிக்கும். அடுத்த வெள்ளையடிப்பில் மறைந்தும் போகும். ஒவ்வொரு வருடமும் புதுப் பலகை கிடைக்கிற வீட்டில் பிறந்த பிள்ளை அவர். பளபளப்புப் பெயின்ட் அடித்த சுவரில் கரி வழுக்கிவிடும்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. அந்தத் தாய்மாமாவுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தவர் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அரசவைக்கு மதுரையிலிருந்து வந்த அழகிரி நாயுடு. ஆகவே கிளிமானூர் வீட்டுக்குள் ஓவியப் பயிற்சி மதுரை வழியாகத்தான் நுழைந்தது. 14 வயதில் ரவி வர்மாவை மாமா திருவனந்தபுரத்துக்கு, ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் கூட்டிப் போனார். அங்கேயும் மதுரைக்காரரான ராமசுவாமி நாயக்கர்தான் எண்ணெய் வண்ணம் தெரிந்த அரசவை ஓவியர். அவர் இந்தப் பையனுக்குச் சொல்லித் தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் ஆசிரியருக்குத் தெரியாமல் தான் அறிந்ததைக் காட்டிக்கொடுத்தார். 1868-இல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தபோது, அவர் வரைவதை நின்று பார்க்கும் அனுமதிதான் ரவி வர்மாவுக்குக் கிடைத்தது. ஐந்தே ஆண்டில், 1873-இல், வியன்னா கண்காட்சியில் அவர் படத்துக்குப் பரிசு. பெயர் பெரிதான பிறகு, படம் கேட்டு வந்து குவிந்த கடிதங்களுக்காகவே கிளிமானூரில் தபால் அலுவலகம் திறந்தார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். படத்தில் சம்பாதித்த பணத்தில் அவர் வளாகத்துக்குள் புத்தன் மாளிகையைக் கட்டினார். பரோடா, மும்பை, மைசூர் என்று சுற்றியவர் கடைசியில் இதே வீட்டுக்குத் திரும்பி வந்து, 1906 அக்டோபர் 2-இல் இங்கேயே கண்ணை மூடினார்.

நான் அங்கே அதிக நேரம் நின்றது நாலுகெட்டின் பக்கத்தில்தான். வடக்கினி, தெக்கினி, கிழக்கினி, படிஞ்ஞாற்றினி என்று நாலு பக்கமும் நாலு கட்டு, நடுவில் முற்றம். உள்பக்கச் சரிவுகளின் மழை முழுவதும் முற்றத்தில் விழுந்து வெளியே ஓடும். வெளிப்பக்கம் கூரையின் விளிம்பான இறவாணம் மனிதத் தலை உயரத்துக்குத் தாழ்ந்து வந்து சாரலையும் வெயிலையும் சுவரில் படாமல் தடுக்கும். கூரையின் மர முகப்பில் இருக்கிற இடைவெளி வழியாகச் சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும். இந்த அளவெல்லாம் கோல் கணக்கு. ஒரு கோலுக்கு 24 அங்குலம், இன்றைய அளவில் 72 சென்டிமீட்டர். தச்சர் அங்குலம் 3 சென்டிமீட்டர், டேப்பில் இருக்கிற இஞ்ச் வேறு. எங்கள் வீட்டு அறைகளை நான் அடிக்கணக்கில் அளந்தபோதெல்லாம் பின்னமாக வந்த எண்கள், ஊர் திரும்பிக் கோலில் அளந்ததும் ஒழுங்காக உட்கார்ந்தன. மேற்கு அறைச் சுவர் சரியாக 6 கோல் நீளம்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

சுவர் 14 அடிக்குக் கொஞ்சம் கூட நீளம், 9 அடி உயரம். பிப்ரவரி முதல் வாரம் சிமென்ட்டை உரித்தோம். இயந்திரம் வேண்டாம் என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெட்டுக்கல்லின் முகம் மென்மையானது. இயந்திரம் வைத்தால் பூச்சோடு கல்லும் வரும். தட்டையான உளியைச் சாய்த்துப் பிடித்து, பூச்சுக்கும் கல்லுக்கும் நடுவில் நெம்பி எடுத்தோம். நானும் அவருமாக ஐந்து நாள். மேலே உலர்ந்த பகுதி பலகை பலகையாக வந்தது. கீழ் மூன்றடி தனியாகவே நழுவி விழுந்தது. அதற்கும் சுவருக்கும் பல வருடங்களாக ஒட்டு இல்லை.

மூன்றாம் நாள் சிமென்ட்டுக்கு உள்ளே பழைய சுண்ணாம்பு ஒரு திட்டாகத் தப்பியிருந்தது. வெள்ளை, அதன்கீழ் நீலம் போட்ட வெள்ளை, மறுபடி வெள்ளை என்று அட்டை அட்டையாக உரிந்தது. அதற்கும் அடியில் கரிக் கோடுகள். நாலு செங்குத்துக் கோடு, குறுக்கே ஒன்று, இப்படி வரிசையாக. ஆச்சியைக் கூட்டி வந்து காட்டினேன். “இது எங்க மாமனாரு தேங்காய்க் கணக்குலா” என்றார். பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கை அகலமுள்ள அந்தத் திட்டை அப்படியே விட்டுவிடலாம், சுற்றிலும் புதுப் பூச்சைச் சரித்து முடித்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சியே சொன்னார். அப்படியே செய்தோம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அதுதான்.

உப்பை அகற்றுவதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போகும். காய்ந்த தூரிகையால் தேய்த்து, உதிர்ந்ததை முறத்தில் பிடித்து வெளியே கொட்டினோம். பிறகு நாலு வாரம் சுவரை வெறுமனே காயவிட்டோம். அந்த நாலு வாரமும் தினம் காலையில் புதிதாக உப்புப் பூத்தது. தினமும் தேய்த்தேன். மூன்றாம் வாரக் கடைசியில்தான் குறைந்தது.

அந்த இடைவெளியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். அதை நிறுத்தாமல் எந்தப் பூச்சும் நிற்காது. மேலே, இரண்டு கூரைச் சரிவு சேரும் மூலையில் தண்ணீர் இறங்கும் தகரப் பாத்தி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதன்கீழ் ஓட்டைத் தாங்கும் சரிவு மரமான கழுக்கோல் ஒன்றின் நுனி இற்றுப்போயிருந்தது. ஆசாரி முழுக் கழுக்கோலையும் மாற்றவில்லை. இற்ற ஒன்றரை அடியை அறுத்துவிட்டு, பழைய அயனி மரத்திலேயே ஒரு துண்டைச் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்று சரிவாக உட்காரும்படி வெட்டி, மர ஆணி அடித்து இணைத்தார். பாத்தியைச் செம்புத் தகட்டில் போட ஆசை; விலை கேட்டுவிட்டு அலுமினியத்தில் போட்டேன். கீழே, வெளிப்பக்கத் தரை வருடா வருடம் மண் போட்டுப் போட்டு வீட்டுத் தளத்துக்கு மேலே உயர்ந்திருந்தது. ஒன்றேகால் அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்து, சுவரிலிருந்து விலகி ஓடும்படி சரிவு கொடுத்தோம். இந்த மண் வேலைதான் செலவு குறைவு, பலன் அதிகம்.

சுண்ணாம்பு. சுட்ட சிப்பி 50 கிலோ வாங்கினேன். பிப்ரவரி இரண்டாம் வாரமே நீற்றிவிட்டோம், ஏனென்றால் நீற்றிய சுண்ணாம்பு எவ்வளவு நாள் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறதோ அவ்வளவு வெண்ணெய் மாதிரி ஆகும். பெரிய இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிப்பி. மாற்றிச் செய்யக் கூடாது. சிப்பியின் மேல் தண்ணீர் ஊற்றினால் வெடித்து முகத்தில் தெறிக்கும். தண்ணீர் கொதித்துப் பொங்கியது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வைக்கே ஆபத்து, இதை மட்டும் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொங்கி அடங்கியதும் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தோம்.

இன்னொரு டிரம்மில் இடித்த கடுக்காய் 2 கிலோவும் எங்கள் ஊர்க் கருப்பட்டி 2 கிலோவும் 40 லிட்டர் தண்ணீரில் ஒரு வாரம் புளித்தன. மணம் மூன்றாம் நாளே தெருவுக்குப் போய்விட்டது. கருப்பட்டி கலவையை இளக்கி, குறைந்த தண்ணீரிலேயே பூச வரும்படி செய்கிறது. கடுக்காய் இறுக்கம் கொடுக்கிறது. அண்ணாச்சி இதைத் தன் அப்பாவிடம் கற்றது என்றார்.

மார்ச் 6-ஆம் தேதி முதல் பூச்சு. ஒரு பங்கு சுண்ணாம்பு விழுது, மூன்று பங்கு சலித்த மணல், பிசைய அந்தக் கடுக்காய்த் தண்ணீர். மொத்தம் எட்டுக் கன அடிக்குக் கொஞ்சம் குறைவாகவே மணல் பிடித்தது. சுவரை முந்தின நாள் மாலையும் அன்று காலையும் நனைத்திருந்தோம். ஒரு விரல் கனத்துக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. கீழ்ப்பகுதி அருமையாக வந்தது. மேல்பகுதியில் ஒரு தவறு நடந்தது, தவறு என்னுடையது. மதியம் வெக்கை தாங்காமல் முற்றத்துக் கதவையும் பின்கதவையும் சேர்த்துத் திறந்துவிட்டேன். காற்று நேராக ஈரப் பூச்சின் மேல் அடித்தது. சாயங்காலம் பார்த்தால் மேல் மூன்றடி முழுவதும் மயிரிழை விரிசல். சுண்ணாம்பு சிமென்ட்டைப் போல உடனே கெட்டியாவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். சீக்கிரம் உலர்ந்தால் சுருங்கும், ஒட்டு விடும். அண்ணாச்சி கோபப்படவில்லை. மரப்பலகையால் அழுத்தித் தேய்த்துச் சில இடங்களை மூடினார். மூடாத இடத்தைச் சுரண்டி மறுநாள் திரும்பப் பூசினார். அதன்பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, பத்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன்.

இரண்டாவது பூச்சு மார்ச் 20. இது மெல்லிசு, மணலும் நைசு. இதைத் தேய்க்கும்போதுதான் முற்றத்து வெளிச்சத்தின் குணம் எனக்குப் புரிந்தது. மேற்கு அறைக்கு வெளிச்சம் ஒரே பக்கமிருந்து, முற்றத்து வாசல் வழியாக, சுவரைத் தடவிக்கொண்டு சாய்வாக வருகிறது. சுவரில் ஒரு அரிசி மணி அளவு மேடு இருந்தாலும் அதற்குப் பின்னால் நிழல் நீள்கிறது. அண்ணாச்சி விளக்கு எதுவும் கேட்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு அந்த வெளிச்சத்தில் நின்று பார்த்து, கரணையால் தொட்டுத் தொட்டுச் சமன் செய்தார்.

அன்று இரவு, துணி சுற்றி வைத்திருந்த லட்சுமி படத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்திலிருந்து வருகிற ஒளியும், உடம்பை உருண்டையாகக் காட்டுகிற நிழலும் ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்திலிருந்து ரவி வர்மா கற்றது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது உண்மைதான். ஆனாலும் முற்றம் வைத்த இருண்ட அறைகளில் வளர்ந்த கண்ணுக்கு அந்த ஒளி புதியதாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். தன் அம்மாவின் முகத்தையும் தங்கையின் முகத்தையும் அவர் தினமும் பார்த்தது அப்படிப்பட்ட வெளிச்சத்தில்தானே. ஓவியரின் வீட்டை அவருடைய பிறந்த இடம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளாமல், அவர் கண் பழகிய இடமாகவும் காக்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான். அப்படிப்பட்ட வீட்டில் சிமென்ட் பூச்சும் குழல்விளக்கும் ஏறிவிட்டால், கட்டடம் நின்றாலும் அந்த வெளிச்சம் போய்விடும்.

படத்தைப் பற்றி. கறையை நான் தொடவில்லை. வார்னிஷ் பூசிய அச்சுப் படத்தை ஈரத்துணியால் துடைத்தால் வார்னிஷ் வெளுக்கும், சில இடத்தில் நிறமும் வரும். ஊறிய பலகையை எடுத்துவிட்டு, ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மென்தூரிகையால் தட்டிப் பார்த்து, அமிலத்தன்மை இல்லாத அட்டையைப் பின்னால் கொடுத்தேன். கண்ணாடி நேரடியாகப் படத்தைத் தொடாதபடி ஓரத்தில் ஒரு அட்டைச் சட்டம். பழைய மரச் சட்டமே மறுபடி. சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் அரை அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டியிருக்கிறேன்; சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும்.

சித்திரை பிறந்ததும் மூன்று கை சுண்ணாம்பு அடித்தோம். பெயின்ட் இல்லை, பிரைமர் இல்லை. சுவரில் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறது, ஈரமாக இல்லை. தேங்காய்க் கணக்குத் திட்டு வாசலுக்கு இடது பக்கம், ஆச்சியின் கண் உயரத்தில் தெரிகிறது.

படத்தை இன்னும் மாட்டவில்லை. இடவப்பாதி மழை வந்து, பாத்தியும் வெளிச்சரிவும் முதல் மழைக்காலத்தைத் தாண்டட்டும். அதுவரை லட்சுமி கிழக்கு அறை மேசைமேல் இருக்கிறாள். ஆச்சிதான் தினமும் வெற்றுச் சுவர் முன் ஒரு தடவை நின்று, ஆணி அடிக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போகிறார்.